ஒலித் தேர்வுக் குழுவில் என் காதுகள்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் எடுத்த மாபெரும் முடிவு, எங்கள் முதலாளியின் புதுக் காருக்கு எந்த ஸ்பீக்கரைப் பொருத்துவது என்பதுதான். அதை எடுத்த உயர்நிலைக் குழுவில், பிரஸ் மிஷினில் தகரம் அழுத்தும் அடியேனும் ஓர் உறுப்பினன். வரலாறு என்னை விட்டுவிடப் போகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

முதலாளி கேட்பது ஹெவி மெட்டல் பாட்டு மட்டும். கிடார் அலறும், ட்ரம்ஸ் இடிக்கும், பாடுகிறவர் வீட்டில் ஏதோ துக்கம் போலக் கத்துவார். இத்தனை 'நுட்பத்தை' சாதா ஸ்பீக்கர் தாங்காது. அடித்தொனிக்கென்றே சப்வூஃபர் என்று ஒரு பெட்டி, டிக்கியை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மேனேஜர் குழு அமைத்தார். தலைவர் முதலாளி, செயலாளர் மேனேஜர், நிபுணர் நான்.

"நான் எதுக்குங்க சார்?"

"நாள் பூரா மெட்டல் சத்தத்துல நிக்கிறவன் நீதானே? உன் காதுக்குத்தான்யா பழக்கம்!"

இதை அவர் என் வலது காதோரம் குனிந்து மூன்று தடவை கத்திச் சொன்னார்.

எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. இடது காது போய்விட்டது. பிரஸ் பக்கமே நின்றால் வலதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் சின்ன மகள் 'அப்பா' என்று கூப்பிடுவது அந்த வலது காதில்தான் கொஞ்சம் விழுகிறது. பேக்கிங் பகுதிக்கு மாற்றச் சொல்லி நான் கேட்காத ஆளில்லை. முதலாளி பக்கத்து சீட்டில் உட்காரும் பாக்கியம் இனி எப்போது வாய்க்கும்?

கார் ஆடியோ கடைக்காரர் இரண்டு சப்வூஃபர் பெட்டிகளில் மாற்றி மாற்றிப் பாட்டைப் போட்டார். சீட் அதிர்ந்தது. எனக்குப் பிரஸ் ஷெட்டில் நிற்பதுபோலவே இருந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு பண்பாடு உண்டு. எதிரில் யார் வாய் அசைந்தாலும் தலையாட்டிவிடுவோம். காதில் வாங்கி, புரிந்துகொண்டு, பதிலும் சொல்ல ஆரம்பித்தால் உற்பத்தி என்னாவது?

கடைக்காரரின் வாய் அசைந்தது. ஆட்டினேன். முதலாளி என் தோளைத் தட்டினார். 'ஓட்டை வெச்ச பெட்டியில ட்ரம்ஸ் குழையுது, மூடின பெட்டிதான் கெட்டியா அடிக்குது, சரிதானேண்ணே?' என்று கடைக்காரர் கேட்டாராம். பிறகு மேனேஜர் சொல்லித்தான் தெரியும்.

முதலாளியின் வாய் அசைந்தது. ஆட்டினேன். சத்தத்தை ஏற்றினார்கள். மறுபடி அசைந்தது, மறுபடி ஆட்டினேன். பின்கண்ணாடி நடுங்கியது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். மேனேஜருக்குத் திடீரென்று அவசர வேலை வந்து இறங்கி ஓடினார். நான் மட்டும் தியானத்தில் இருப்பவன்போல உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு நின்றது. முதலாளிக்கே காது அடைத்துப்போய் உரக்கப் பேசினார். அதனால் எனக்கு நன்றாகவே கேட்டது.

"ரசனைன்னா இதுய்யா! என்ன வேணும், கேளு!"

"பேக்கிங்குக்கு மாத்துங்க மொதலாளி. காது கேக்கலை."

வயிறு குலுங்கச் சிரித்தார். "காது கேக்காதவனா எந்தப் பெட்டி குழையுதுன்னு கண்டுபுடிச்சே? யோவ் மேனேஜர், இங்க வாய்யா! இவன் காது நம்ம கம்பெனிச் சொத்து. பிரஸ்ஸை விட்டு இவனை நகர்த்தவே கூடாது!"

மேனேஜர் தலையாட்டினார். அவர் ஷெட்டுக்கு வந்து போகிறவர்தானே.

கொஞ்ச நாளில் முதலாளியின் காதில் ரீங்காரம் என்றார்கள். கம்பெனியே ஆடிப்போனது. அவசரக் கூட்டம் நடந்தது. அவர் அறைக் கதவுக்குப் பஞ்சுத் திண்டு அடித்தார்கள், ஷெட் சத்தம் உள்ளே போய்விடாமல். நாங்கள் கேட்டபோதெல்லாம் 'பரிசீலனையில்' இருந்த காதுமூடி அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தது. ஒரே ஒரு ஜோடி.

அதை மாட்டிக்கொண்டு முதலாளி ஷெட்டைப் பார்வையிட வந்தார். என் எதிரில் நின்று வாயசைத்தார். ஆட்டினேன்.

"மொதலாளி, வலது காதும் போயிடுச்சு. பாப்பா கூப்பிடுறது கேக்கலை" என்றேன்.

அவரும் புன்னகையோடு தலையாட்டினார். எங்கள் ஷெட்டின் பண்பாடு அவருக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம்: அவர் மூடியைக் கழற்றினால் அவருக்குக் கேட்கும்.