டெக்னிக்கல் அட்வைசரின் இரண்டு வண்டிகள்

“சனிக்கிழமை காலையில கிளம்புறோம் பிரதர். பழசா, புதுசா? இன்னிக்கே முடிச்சிடுவோம். நானே கூட வர்றேன்.”

ஃபிரெட்ரிக் போனை வைத்துவிட்டார். இக்னேஷியஸ் கையிலிருந்த தோசைத் துண்டு சட்னிக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

“யாருங்க போன்ல?” என்றாள் மனைவி மர்சலின்.

“பிரசிடெண்ட்.”

“எந்த நாட்டுக்கு?”

நாட்டுக்கு இல்லை. ‘சாந்தோம் ரோடு கிங்ஸ்’ சங்கத்துக்கு. மாதா கோவில் பங்கைச் சேர்ந்த, ஐம்பதைத் தாண்டிய பத்துக் கனவான்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் பெரிய பெரிய பைக்குகளோடு வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போவார்கள். ஊர் முகப்பு ஆர்ச்சின் கீழே, கறுப்புக் கண்ணாடியும் தோல் ஜாக்கெட்டுமாக வண்டிமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் பத்து வீட்டு ஹாலிலும் மாதா படத்துக்கு ஒரு அடி கீழே தொங்கும். சில வீடுகளில் ஒரு அடி மேலே.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாரான இக்னேஷியஸ் மூன்று மாதம் முன்புதான் இதில் சேர்ந்தார். கையில் பைக் இல்லை. ஆனால் வாயில் இருந்தது. “செகண்ட் ஹேண்டில் ஒரு டூரிங் பைக் பார்க்கிறேன். 2012 மாடலா, 2021 மாடலா என்பதுதான் கேள்வி” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மறுநாள் காரணங்களைப் பட்டியல் போட்டார். அதற்கடுத்த நாள் டார்க் என்னும் முறுக்குவிசை பற்றி நாற்பது வரி. கார்புரேட்டரின் ஆன்மா பற்றி ஒரு குரல் செய்தி, ஒன்பது நிமிடம். மூன்றாம் வாரம் அவரை ‘டெக்னிக்கல் அட்வைசர்’ ஆக்கிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல மறந்திருந்தார். கியர் வண்டியை அவர் பிறந்ததிலிருந்து ஓட்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டியது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதிலும் முன்னால் காய்கறிப் பை இருந்தால்தான் பேலன்ஸ் வரும்.

அதனால்தான் எந்த மாடல் என்ற கேள்வி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆராய்ச்சியில் இருப்பவனை யாரும் வண்டியில் ஏறச் சொல்வதில்லை.

“உண்மையச் சொல்லிட்டு பஸ்ல போங்களேன். பஸ்ல வந்தா மாதா கதவை மூடிக்குவாங்களா?” என்றாள் மர்சலின்.

“அட்வைசர் பஸ்ல போனா சங்கம் சிரிக்கும்.”

“வண்டியில போனா நாகப்பட்டினம் வரைக்கும் சிரிப்பாங்க.”

* * *

கிண்டியில், பழைய பைக் விற்கும் மெக்கானிக் கரீமுல்லாவின் கொட்டகையில் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பழசு கறுப்பு; கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். புதுசு சாம்பல் நிறம்; பட்டனைத் தொட்டால் போதும்.

“வா சார். உங்க சங்கத்து வண்டிங்க பத்தும் நம்மாண்டதான் சர்வீசு” என்றார் கரீமுல்லா. “அஞ்சு வருசமா ஒண்ணுலயும் டயர் தேயல. இன்னா மாதிரி வெச்சிக்கினு கீறாங்க தெரியுமா?”

ஃபிரெட்ரிக் ஏனோ இருமினார்.

இக்னேஷியஸ் தயாராக வந்திருந்தார். “புதுசு முழுக்க எலக்ட்ரானிக்ஸ். நடுவழியில மக்கர் பண்ணினா கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. பழசைப் பாருங்க, இரும்பு!”

“அப்ப பழசையே எடுத்துடலாம்” என்றார் ஃபிரெட்ரிக்.

“ஆனா கிக்கர்! எனக்குக் கணுக்கால்ல ஒரு பழைய அடி...”

“அப்ப புதுசு.”

“சீட் உயரம் பிரதர். கால் எட்டாது.”

“அது இன்னா சார் பிரமாதம்? டீ குடிச்சிட்டு வா, ரெண்டு இஞ்ச் எறக்கி வெக்கிறேன்” என்ற கரீமுல்லா, டீ வருவதற்குள் இறக்கியும் விட்டார். அதோடு நிற்கவில்லை. “கணுக்கால்னு சொன்னியே” என்று பழசின் கிக்கரையும் ஒரு குழந்தை உதைத்தால் கிளம்புகிற மாதிரி செய்து வைத்தார். ஒரு மனிதன் இவ்வளவு கெட்டிக்காரனாக இருப்பது இக்னேஷியஸுக்குப் பிடிக்கவில்லை.

“இப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடு சார்.”

இக்னேஷியஸ் சாவியை ஃபிரெட்ரிக்கிடம் நீட்டினார். “பிரசிடெண்ட் முதல்ல.”

“ஐயோ, அட்வைசர் இருக்கும்போது நானா? நீங்க ஓட்டுங்க பிரதர்.”

“மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.”

“அதேதான் நானும் சொல்றேன்.”

சாவி நான்கு முறை கை மாறியது. ஐந்தாம் முறை கரீமுல்லா அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஃபிரெட்ரிக் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். முன் சக்கர மூக்கிலிருந்து பின் மட்கார்டு வால்வரை இரண்டு வண்டிகளையும் அளந்தார். ஹேண்டிலின் அகலம் பார்த்தார். கிராஷ் கார்டை இழுத்து, கயிறு போட்டால் தாங்குமா என்று கேட்டார்.

வீல்பேஸ் பார்க்கிறார்! என்ன அனுபவம்! லக்கேஜ் கட்டுவதைக்கூட யோசிக்கிறாரே என்று இக்னேஷியஸுக்குப் புல்லரித்தது.

“பழசு நாலு இஞ்ச் குட்டை” என்றார் ஃபிரெட்ரிக், டேப்பைச் சுருட்டியபடி. “பழசுதான். முடிச்சிடுங்க.”

மூன்று மாத ஆராய்ச்சியை நான்கு அங்குலம் முடித்துவிட்டது.

* * *

மிச்சமிருந்தது ஒரே நாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, தி. நகரில் பெண்களுக்கு மட்டும் கியர் வண்டி கற்றுத்தரும் உம்மே ஹானியைத் தேடிப் போனார். பெண்களுக்கு மட்டும் என்பதுதான் அவருக்கு வசதி. சங்கத்துக்காரன் எவனும் அந்தப் பக்கம் வரமாட்டான்.

“லேடீஸுக்குத்தான் சார் கத்துத்தர்றேன்” என்றாள் அவள்.

“என்னை ஒரு மனிதப் பிறவியா மட்டும் பாரும்மா.”

இரக்கப்பட்டாள். அபிராமபுரத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவுக்கு, முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுதிய சின்ன வண்டியோடு அழைத்துப் போனாள்.

“கிளட்ச்சை மெதுவா விடுங்க சார்.”

இக்னேஷியஸ் கிளட்ச்சின் தத்துவத்தை அவளுக்கு விளக்கினார். உராய்வு விசை, தட்டுகள், சுழற்சி வேகம். அவள் பொறுமையாகக் கேட்டாள். விளக்கி முடித்துக் கிளட்ச்சை விட்டார். வண்டி எகிறிப் போய், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியின் டயரில் முட்டியது. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“தியரில சென்டம் சார்” என்றாள் உம்மே ஹானி, அவர் முழங்கையில் டிஞ்சர் தடவியபடி. “ஆனா வண்டிக்கு அது தெரியலையே.”

இதைவிடக் கெட்ட செய்தி சாயங்காலம் வந்தது. அந்தத் தெரு வழியே போன, சங்கத்துக்காரர் ஒருவரின் மனைவி, ‘எல்’ வண்டிக்குப் பக்கத்தில் உம்மே ஹானியிடம் கையை ஆட்டிப் பேசும் இக்னேஷியஸைப் படம் பிடித்திருந்தாள். குழுவில் படம் வந்தது. கீழே வரி: “விளம்பரமில்லாமல் பெண்களுக்கு இலவசப் பயிற்சி அளிக்கும் நம் அட்வைசர்!” முப்பத்தாறு கைகூப்பல்கள். கடைசியில் ஃபிரெட்ரிக்கின் அறிவிப்பு: “நாளை அணிவகுப்பை முன்னின்று நடத்துபவர் இக்னேஷியஸ்.”

“முன்னாடி போறது நல்லதுதாங்க. விழுந்தா பின்னாடி வர்ற பத்துப் பேரும் பாக்கலாம்” என்றாள் மர்சலின். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அவர் முழங்கையைப் பார்த்தாள். “நெசமாத்தான் கேக்கறேன். முன்னூறு கிலோமீட்டர். மானம் பெருசா, மண்டை பெருசா?”

அன்று இரவு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சொல்லிவிடுவது. டெக்னிக்கல் அட்வைசர் பதவியைத் துறந்து, தலை நிமிர்ந்து பஸ் ஏறுவது. முடிவு செய்ததும் பழைய தன்னம்பிக்கை திரும்பிவிட்டது. ராஜினாமாக் கடிதத்தில்கூட டார்க் பற்றி ஒரு பத்தி சேர்த்தார்.

* * *

புறப்படும் இடம் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் பின்புறம். இவ்வளவு பெரிய அணிவகுப்புக்கு இவ்வளவு மறைவான இடம் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. முழங்கால் கவசம், ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“இன்னா நைனா, நிலாவுக்கா?” என்றார் ஆட்டோக்காரர்.

பத்து வண்டிகள் வரிசையாக ஸ்டாண்டில் நின்றன. பதினோராவதாக அவருடைய கறுப்பு வண்டியைக் கரீமுல்லா விட்டுப் போயிருந்தார். பத்துக் கனவான்களும் ஜாக்கெட்டில் வேர்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட வண்டிக்குப் பக்கத்தில் இல்லை.

ஃபிரெட்ரிக்கின் முகம் வெளுத்திருந்தது. “பிரதர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“இல்ல, நான்தான் முதல்ல சொல்லணும்” என்றார் இக்னேஷியஸ், கடிதத்தை உருவியபடி.

“உங்களை மாதிரி ஒரு எக்ஸ்பர்ட் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னுதான் மூணு மாசமா...”

“எக்ஸ்பர்ட்டுன்னு சொல்லாதீங்க, அதுலதான் பிரச்சினையே...”

இருவரையும் ஹார்ன் ஒன்று அடக்கியது. கிடங்கின் மூலையைத் திரும்பி ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. டிரைவர் வெள்ளைச்சாமி தோளில் கயிற்றுச் சுருளோடு குதித்து இறங்கி, கறுப்பு வண்டியின் சீட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

“நீதான் புது ஆளா சார்? பழைய மாடலா எடுத்தியே, நல்லதாப் போச்சு, புதுசா இருந்தா நாலு இஞ்ச்ல லாரிக் கதவு சாத்தியிருக்காது. சாவியக் குடுத்துட்டு இவங்கள மாதிரியே நீயும் பின்னாடி வர்ற ஏசி வேன்ல ஏறு, வருசா வருசம் எறக்குற மாதிரி வேளாங்கண்ணி ஆர்ச்சாண்ட வண்டிய எறக்கி வெக்கிறேன், போட்டோவுக்கு மட்டும் ஏறிக் குந்திக்கோ!”