ராணி சிக்கியது, ராஜா சிக்கவில்லை

உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டாமல் இருக்க முடியாதவர்கள் செஸ் பக்கமே போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன்.

அப்போது நான் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் பார்க்கும் வேலையில் இருந்தேன். அந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். கப்பல் வர வேண்டும், படுத்துவிட்ட கம்ப்யூட்டர் சர்வர் திரும்பி வர வேண்டும், கையெழுத்துப் போடுகிற ஆபீசர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நகமெல்லாம் கடித்துத் தீர்ந்த பிறகு போனில் ஒரு செஸ் ஆப்பை இறக்கி, 'கடினம்' என்ற லெவலில் ஆட ஆரம்பித்தேன். (சுலபத்தில் தோற்றால் மானம் போகும்; கடினத்தில் தோற்றால் கௌரவம்.)

கௌரவமாகத் தோற்றுக்கொண்டே வந்தபோது ஒருநாள் ஆப்பின் குறை பிடிபட்டது. அதற்குப் பேராசை. என் ராணி பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் காவலில்லாமல் விட்டால் போதும், கல்யாணப் பந்திக்கு ஓடுகிற மாதிரி அதன் ராணி வந்து அதைத் தின்றுவிடும். நான் குதிரையை ஓரத்துக்கு நகர்த்துவேன். ராணிக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. ராணியை வெட்டியதும் 'தோல்வியை ஏற்கிறேன்' என்று திரையில் வரும். மறுநாளும் அதே நடைகளை ஆடினேன். அதே சிப்பாய், அதே ராணி, அதே தோல்வி. மனுஷனாக இருந்தால் ஒரு தடவை பட்டதும் திருந்துவான். இது திருந்தவே இல்லை. நானும் அதற்கு மேல் செஸ்ஸில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் என் அண்ணன் டென்சில், நான் ஜெயிப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டான். மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் போட்டிகளில் 'மனிதரா, கம்ப்யூட்டரா?' என்று ஒன்றைச் சேர்க்க வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது: 'கம்ப்யூட்டரை வென்ற எங்கள் வீரமங்கை மெர்லினை வாழ்த்துகிறோம்.' போட்டியே இன்னும் நடக்கவில்லை. (அதற்கு என் ஆதார் கார்டு போட்டோவைப் போட்டது தனி வழக்கு.)

கப்பலில் இன்ஜினியராக இருந்து லீவில் வந்திருந்த ஜெரோம் என்பவர், தன் லேப்டாப்பில் அதே ஆப்பை ஏற்றி மண்டபத்தில் பெரிய திரையில் காட்டினார். சனங்கள் கடைசிவரை பார்க்கட்டும் என்று, பாதியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டதாக ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னாராம். நான் மைக் வேலை செய்கிறதா என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

மைக் எதற்கு என்றால், வர்ணனைக்கு. ஆடுவதும் நான்தான், வர்ணனையும் நான்தான்.

"இப்ப பாருங்க, இந்தச் சிப்பாயத் தின்ன ராணி வரும்."

வந்தது. மண்டபம் அதிர்ந்தது. குதிரையை நகர்த்தினேன், அடுத்த நடையில் ராணியை வெட்டினேன். எழுந்து நின்று பெற்றோருக்கும் பங்குத் தந்தைக்கும் அண்ணனுக்கும், எனக்கு லீவே தராத மேனேஜருக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் சரவெடியைத் தயார் செய்ய வெளியே ஓடினான்.

ஜெரோம் என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார். "இன்னும் முடியல. ராஜா நிக்காரு பாத்தீங்களா? உங்க நடைதான்."

அதற்கப்புறம் என்ன இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் ஒரு ராஜாவைக்கூட நான் மடக்கியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்டுவது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினேன். ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை தள்ளி இன்னொரு ராணியும் வாங்கிக்கொண்டேன். எதிரில் ஒற்றை ராஜா மட்டும் மிச்சம். அவர் ஓடினார், கூடைக்குள் போக மறுக்கும் கோழியைத் துரத்துகிற மாதிரி நானும் பின்னாலேயே ஓடினேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு நடை ஆடுவேன், மேடையை ஒரு சுற்றுச் சுற்றுவேன். முதலில் சத்தம் போட்டு யோசனை சொன்ன சனம் பிறகு புரோட்டா சாப்பிடக் கிளம்பியது.

"ஏளா, சட்டுனு முடி. கடக்காத்துல வெடி நமத்துப் போவுது" என்று வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

கடைசியில் ராஜா ஒரு மூலையில் ஒதுங்கினார். எந்தப் பக்கமும் அசைய முடியாதபடி ராணியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மைக்கில் "முடிஞ்சிட்டு" என்றேன். திரையில் 'ஸ்டேல்மேட். ஆட்டம் சமம்' என்று வந்தது.

அப்படியென்றால் என்ன என்று ஜெரோமிடம் கேட்டேன். (மைக்கை அணைக்காமல்.) ராஜாவுக்கு நகர இடமில்லை, ஆனால் நான் செக்கும் வைக்கவில்லை, அதனால் யாரும் ஜெயிக்கவில்லை என்று அவர் விளக்கினார். முகம் வாடிப் போயிருந்தேன் போல. "அதுக்கு ஒரு பலவீனம் இருக்கு, அத நீங்க கண்டுபிடிச்சீங்க. உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே சரவெடி வெடிக்க ஆரம்பித்தது. 'முடிஞ்சிட்டு' என்பது மட்டும் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. பற்றிய சரத்தை யார் நிறுத்துவது? மிச்சமிருந்த கூட்டம், பங்குத் தந்தை, அம்மா, நான், எல்லோரும் அது வெடித்து முடியும்வரை மரியாதையாக நின்றோம். மறுநாள் ஃப்ளெக்ஸில் 'வென்ற' என்ற சொல்லின் மேல் அண்ணனே வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தான்.

ராஜாவை மடக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஜெரோம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் செஸ் கற்கவில்லை. அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டை வரும். மூச்சு விடாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் அவரை மடக்குவேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டு கையையும் விரிப்பார்.

"எனக்கு நகர எடமில்ல. நீ செக்கும் வைக்கல. அப்ப டிரா."

அம்மாவும் அண்ணனும் அவர் பக்கம் சேர்ந்து சிரித்துவிடுவார்கள். இந்த வீட்டில் இன்றுவரை ஒரு சண்டையில்கூட நான் ஜெயித்ததில்லை.