லேசருக்கு முகம் துடைத்த நாள்

விலை மிகுந்த பொருள் எதைக் கண்டாலும், அதை விற்பவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்டுவது என் குணம். நெடுங்காலம் இதனை நான் அறிவு என்றே கருதியிருந்தேன். அறிவன்று என்பது எனக்கு உறைப்பதற்குள் என் மகன் ஊரோடு வாழும் வாய்ப்பை இழந்துவிட்டான். (சிரிப்பதற்குரிய கதைதான், எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.)

இராஜபாளையத்தில், மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி நெய்யும் ஆலை ஒன்றில் தறி பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீதியை நூலகத்தில் நானே கற்றேன். ஆகவே, கற்றவர்களிடம் இல்லாத துணிச்சல் எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் பால் வடிகட்டுவது காஸ் துணியில்; ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவது காஸ் துணியில்; என் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதும் அதிலேதான். மனிதர் தம் புண்ணையே நம்பி ஒப்படைக்கும் துணியைவிடத் தூய பொருள் இவ்வுலகில் இல்லை என்பது என் தீர்மானமாக இருந்தது.

என் மகன் சுந்தர் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வெல்டர். அவன் மனைவி கற்பகமும் மகளும் எங்களோடு இராஜபாளையத்தில் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தகப்பனாக இருக்கும் வாழ்வு அவனுக்குச் சலித்துவிட்டது. ஊரிலேயே பட்டறை வைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா தயாரிக்கும் குருசாமி அண்ணாச்சி புதிய எவர்சில்வர் பால் தொட்டிகள் செய்ய ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. தகடுகளின் இணைப்பில் சிறு பள்ளம் இருந்தாலும் அதில் பால் தங்கிப் புளித்துவிடும். எனவே கையில் பிடித்துப் பற்றவைக்கும் லேசர் கருவியால்தான் வேலை நடக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. கோயம்புத்தூர் விற்பனையாளர் ஒருவர், கருவியை ஒருநாள் வெள்ளோட்டத்துக்குத் தர இசைந்தார். அண்ணாச்சிக்கு வேலை பிடித்துவிட்டால் அவர் தரும் முன்பணத்தில் கருவி சுந்தருடையதாகும். அவனும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

குறித்த நாள் காலையில் கருவியோடு நித்யா என்ற பொறியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைக்கு அடக்கமான ஒரு துப்பாக்கி. அதன் வாலில் நீண்ட குழாய். குழாயின் முடிவில் பீரோ அளவு பெட்டி. விலையைக் கேட்டேன். சொன்னார். நான் சிரித்தேன்.

"இந்தத் துப்பாக்கிக்கா அம்புட்டு வெல? உள்ள தங்கமாம்மா இருக்கு?"

"வெளிச்சந்தானுங்கய்யா. குட்டிக் குட்டி வெளிச்சமா நெறையச் சேத்து, முடி தண்டி கண்ணாடி நாருக்குள்ள அடக்கணுங்க. சூட்ட எடுக்கத் தண்ணி ஓடிட்டே இருக்கணும். லென்ஸ் மேல கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்குது. தூசியே இல்லாத ரூம்புல வச்சுத்தான் மாட்டுவாங்க. நாங்களும் இதே மாதிரி செய்யறோம்னு கெளம்புன எத்தனையோ பேரு, லென்ஸ் வெடிச்சு வெடிச்சு ஓஞ்சு போயிட்டாங்க."

"தூசியா? நாங்க பஞ்சுக்குள்ளயே பொழச்சவுகம்மா."

"அதுதானுங்க பயமா இருக்குது. தயவுசெஞ்சு தொட்டுடாதீங்க."

அவரும் சுந்தரும் இட்லி சாப்பிட உள்ளே சென்றனர். மின்னிணைப்பு இல்லாத அந்தக் கருவியும் நானும் தனித்திருந்தோம். துப்பாக்கியின் கழுத்தில் தீப்பெட்டியின் உள்கூடு போன்ற சிறு இழுப்பறை ஒன்று தென்பட்டது. (தொடாதீங்கன்னு சொன்னாகளே தவிர, இழுக்காதீங்கன்னு சொல்லல.) இழுத்தேன். நாணயம் போன்ற வட்டக் கண்ணாடி வெளிவந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எண்ணினேன். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி இருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. வாயருகே வைத்து "ஹா" என்று ஊதினேன். மடியிலிருந்த காஸ் துணியால் ஒரு குழந்தைக்கு முகம் துடைக்கும் பரிவோடு துடைத்தேன். உள்ளே இன்னொரு கண்ணாடி தெரிந்தது. அதனை மட்டும் அழுக்கோடு விட மனம் வரவில்லை. ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி அதனையும் துடைத்துவிட்டு, இழுப்பறையைப் பழையபடி மூடினேன். மகனுடைய எதிர்காலத்துக்கு என்னால் இயன்ற தொண்டு ஆயிற்று என்ற நிறைவு எனக்குள் பரவியது.

அந்நேரம் தண்ணீர்ச் செம்போடு வந்த சுந்தர், என் கையிலிருந்த ஈர்க்குச்சியைப் பார்த்தான். பல் குத்தவா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செம்பை என்னிடம் நீட்டினான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணாச்சி எங்களை நன்றாக வரவேற்றார். "பெரியவருக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார். நான் அமராமல் நின்று, இக்கருவியின் அருமை குறித்துச் சிற்றுரை ஒன்று ஆற்றினேன். ஒளியை மனிதன் வசப்படுத்திய வரலாற்றில் நான் பாதி வழி வந்துகொண்டிருந்தபோது, நித்யா எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி என் உரையை முடித்துவைத்தார்.

சுந்தர் விசையை அழுத்தினான். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளிக்கம்பி பதித்தாற்போல் இணைப்பு ஓடிற்று. அண்ணாச்சி "அடேயப்பா" என்றார். அந்த ஒரு சொல்லோடு எங்கள் நற்காலம் முடிந்தது. பிறகு தகடு பழுத்துக் கறுத்தது. ஏதோ வெடித்த ஒலி கேட்டது. பெட்டி சிவந்த விளக்கோடு அலறத் தொடங்கிற்று.

நித்யா கருவியை அணைத்து இழுப்பறையை இழுத்தார். நடுவில் கரும்புள்ளியோடு கண்ணாடி பிளந்திருந்தது. உள்கண்ணாடியும் போயிருந்தது. விளிம்பில் கருகிய நூலிழை ஒன்று சுருண்டு கிடந்தது.

"இதத் தொறந்தது யாருங்க?"

சுந்தர் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு நித்யாவின் பக்கம் திரும்பினான்.

"நாந்தாம் மேடம். தூசி இருந்துச்சுன்னு தொடச்சுட்டேன்."

நான் வாய் திறந்திருக்க வேண்டும். சற்று முன்புவரை மூடாதிருந்த வாய் அது. ஆனால் எனக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள்; பெரியவர் என்று அழைத்திருந்தார்கள். நான் மெல்ல அந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டேன்.

நித்யா யாரையும் ஏசவில்லை. கருவியைக் கட்டி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார். அண்ணாச்சி சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது சுந்தர், "படிய பாத்து எறங்குங்கப்பா" என்றான். வைதிருந்தால் எனக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்கும்.

மறுநாள் நான் தனியே அண்ணாச்சியிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "மிஷினு நின்ன ஒடனே எல்லாரும் மிஷினப் பாத்தாக. நீங்க மட்டும் ஒங்க கையப் பாத்தீக."

"அப்ப எம்மகனுக்கே வேலையக் குடுங்க அண்ணாச்சி. அவம்மேல தப்பில்ல."

"இல்லதான். தங்கமான புள்ள. அதான் எனக்கு யோசன. தகப்பனாரு எதத் தொட்டுக் கெடுத்தாலும் மகன் 'நாந்தான்'னு முன்னால வந்து நிப்பாரு. என் பாலு அம்புட்டும் புளிச்ச பொறவு நான் யாரப் போயிக் கேக்க?"

கால் கிலோ பால்கோவாவைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்து விடைகொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் துணிவு எனக்கில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே முழுவதையும் தின்று தீர்த்தேன். துயரத்தில் ஒரு மனிதன் அவ்வளவு நெய்யை உண்ணலாகாது என்பதை என் வயிறு மூன்று நாட்கள் எடுத்துரைத்தது.

தொட்டிகள் மதுரைக்காரர் ஒருவரிடம் போயின. சுந்தர் கோயம்புத்தூர் பட்டறைக்கே திரும்பினான். அங்கே இப்போது அதே வகைக் கருவியில்தான் வேலை செய்கிறான். எங்கள் ஊரில் காற்றைப் போல் மிதக்கும் பஞ்சில் ஓர் இழைகூட உள்ளே புகாமல் காக்க எத்தனை பேருடைய கவனம் தேவை என்பதும், அந்தக் கவனத்துக்குத்தான் அவ்விலை என்பதும், நான் கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் இன்று நான் எந்தக் கண்ணாடியின் அருகே சென்றாலும் கற்பகம் சொல்லும் ஒரே சொல், "தொடைக்காதீக மாமா." விருந்தாளிகளுக்கு இக்கதையை என் பேத்தி நடித்தே காட்டுகிறாள். "ஹா" என்று ஊதும் இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சென்ற ஞாயிறு மாலை, கோயம்புத்தூர் பேருந்தில் சுந்தர் சன்னலோரம் அமர்ந்திருந்தான். கண்ணாடியில் புழுதி படிந்து அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. என் கை தானாகத் தோளிலிருந்த துண்டைத் தேடியது. கற்பகம் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க மாமா. நீங்க தொடச்சா பஸ்ஸு நின்னு போவும்."

உள்ளேயிருந்து சுந்தர் சிரித்தான். நானும் சிரித்தேன். பேருந்து நகர்ந்தது.

அவள் சொன்னது மெய்யாகும் என்று ஓர் உறுதி மட்டும் இருந்திருந்தால், அந்தக் கண்ணாடியைத் துடைத்திருப்பேன்.