சும்மா இருக்காத கை

"அட, ஸ்டார்ட் ஆயிடுச்சே" என்று கார்க்காரர் சொன்ன தொனியிலேயே, இந்தக் காரும் கைநழுவிவிட்டது என்று ரிப்பேர்காரருக்குப் புரிந்துபோயிற்று.

பத்து நிமிடத்துக்கு முன்புவரை அது ஆறு மாதமாக அசையாமல் கிடந்த கார். அதனால்தான் விலை அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்தோமா, உதட்டைப் பிதுக்கினோமா, விலையை இன்னும் குறைத்தோமா என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் இருபது வருடமாகத் தையல் மிஷின்களைப் பிரித்துப் பூட்டிய கை கேட்டால்தானே? ஒரு வயரைச் சுரண்டி, முறுக்கி, மாட்டிவிட்டது.

"இவ்ளோதானா கோளாறு? அப்ப நானே வச்சுக்கிறேன்" என்றார் கார்க்காரர். "ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

டீ நன்றாகத்தான் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் கூட வந்த புரோக்கர் புலம்பினார்.

"அண்ணே, இது மூணாவது காரு. முதல் ஆளு உங்க கையைப் புடிச்சுக் கும்பிட்டுட்டு, அதே கார்ல ஏறிப் போயிட்டாரு. போன வாரம் டீச்சரம்மா கார்க் கதவைச் சரி பண்ணிக் குடுத்தீங்க, அவங்க விலையை ஏத்திட்டாங்க. நீங்க கார் வாங்க வர்றீங்களா, சேவை செய்ய வர்றீங்களா?"

"தப்புத்தான்யா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

காருக்காக அவர் அலைந்தது பவிசுக்கு அல்ல. அவர் மனைவிக்கு மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தங்குவதும் அங்கேயே, விடுதியில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை லீவு போட்டு வருவாள். ஞாயிறுதோறும் ஓய்வுதான், ஆனால் பஸ்ஸில் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். "ஒரு மணி நேரம் மூஞ்சியப் பாக்க இவ்ளோ அலைச்சல் வேணாம்" என்று அவளைத் தடுத்தவர் இவரேதான். சொல்லிவிட்டாரே தவிர, காலையில் இன்னமும் அவளுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் டீ போடுகிறார். இரண்டாவதையும் அவரே குடிக்கிறார்.

கார் இருந்தால் பாதி நேரத்தில் இவரே போய்வரலாம். சொல்லாமல் கொள்ளாமல் விடுதி வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் முகம் மலர்வதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் விஷயத்தை மூச்சுவிடாமல் வைத்திருந்தார். ஞாயிறுகளில் கார் பார்க்க விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டித்தான் வருவார். வீடு மாடியில், கீழே எல்லாம் கடைகள். ஞாயிறன்று ஷட்டர் இறங்கிவிடும், ஏனென்று கேட்க ஆள் இல்லை.

அன்று இரவும் அவள் போன் செய்தாள்.

"இன்னிக்கு என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? வீட்டை விட்டு நகரலை. நாள் பூராத் தூக்கம்."

"நாள் பூராவா?"

"பூரா. காத்துக்கு வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு, நல்ல தூக்கம்."

"சரி, வைக்கிறேன்" என்றாள்.

மூன்று ஞாயிறாக இப்படித்தான், பேச்சு குறுகிக்கொண்டே வந்தது. பாவம், தனியாகக் கிடந்து ஏங்கிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார். தன் ஏக்கத்தையாவது டீயோடு சேர்த்து விழுங்கிக்கொள்ளலாம். அவளுடையதை என்ன செய்வது?

நான்காம் ஞாயிறு அவர் தீர்மானமாகக் கிளம்பினார். திருப்புளியை வீட்டிலேயே வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், அழுக்குக்குப் பயந்தாவது கை அடங்கட்டும் என்று. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிவந்தார்.

இன்ஜின் சுத்தம், டயர் புதுசு. ஒரே குறை, இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும்.

"மத்தபடி தங்கமான வண்டி. தெருவுல மானம் போகுதேன்னுதான் தள்ளிவிடுறேன்" என்றார் கார்க்காரர்.

ஸ்டியரிங்குக்குள் ஒரு வயர் உரசுகிறது. இரண்டு நிமிட வேலை. ரிப்பேர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். "பெரிய செலவு வைக்குமே" என்று உதட்டைப் பிதுக்கினார். விலை இறங்கியது, சாவி கைக்கு வந்தது. புரோக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்தே நேராக மலைக்கு விட்டார். இனி எதைப் பிரித்தாலும் கேட்க ஆளில்லை, ஆனால் திருப்புளி வீட்டில் கிடந்தது. மலைப்பாதையில் பாதி வளைவு இடது பக்கம்தான். ஆடு மாடெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னும் மூன்று வளைவு, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனார்.

விடுதி வாசலும் இடது பக்கம்தான். அவர் திரும்பிய அலறலில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லா முகத்தையும் தேடினார். அவள் முகம் இல்லை.

வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "யாரைப் பாக்கணும்?"

மனைவியின் பெயரைச் சொன்னார். "நான் அவங்க வீட்டுக்காரர்."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா வந்தீங்க சார். உங்களுக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு அவங்க மூணு ஞாயிறா உங்க வீட்டுக்கு வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பறாங்க. இன்னிக்கு, கதவைத் திறந்து போட்டுத் தூங்கற மனுஷன் எந்த வீட்டுலருந்து எந்திரிச்சு வர்றாருன்னு பாக்காம நகர மாட்டேன்னு மொத பஸ்ஸுலயே போயிட்டாங்க."