ஆப்பிள் கஞ்சி போட்ட பாவு

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தெரியும் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்று மாதம். நான் மெட்ராஸில் குமாஸ்தா. மனைவி சரோஜா திருத்தணியில், அவள் அப்பா வீட்டில். மாமனார் அனுப்ப மறுத்துவிட்டார்.

"மாப்ள, நீங்க ஓட்டல்ல துன்னுகினு, ரூம்ல தூங்கிகினு இருக்கறீங்க. குடும்பம்னா பொறுப்பு வேணும்ங்க. அது வரட்டும், தை பொறந்ததும் அனுப்பறேன்" என்றார்.

(அப்போது ஆவணி. தைக்கு எத்தனை மாதம் என்று நான் விரல் விட்டு எண்ணாத நாளில்லை.)

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு மேல்வரிசைப் பல் முழுவதையும் பிடுங்கினார்கள். பொய்ப்பல் வரும்வரை கூழைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. எனக்குள் ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஆபீசில் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய அக்கா வெளிநாட்டில் ஆப்பிளை நறுக்கிக் கரண்ட் சட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாராம். அது சின்னச் சூட்டில் நாளெல்லாம் வெந்து, சாயங்காலம் வந்தால் வெண்ணெயாய்க் குழைந்திருக்குமாம். பல்லே வேண்டாமாம். மாமனாருக்கு அதைச் செய்து கொடுத்தால் என் பொறுப்பு ஊரறியத் தெரிந்துவிடாதா? பாரிமுனையில் இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை ரயிலேறினேன்.

நேரமும் எனக்குத் தோதாக அமைந்தது. அத்தையும் சரோஜாவும் ஒரு சீமந்தத்துக்காகப் பொதட்டூர்பேட்டை போயிருந்தார்கள். மாமாவும் மச்சினன் தணிகாசலமும் தறியில் இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கொல்லையில் யானை பிளிறினாலும் கேட்காது. யாருக்கும் சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் அசத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கரண்ட் சட்டிக்கு எங்கே போவது? கொல்லையில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டப்பாவில் தூளைக் கெட்டியாக அமுக்கி, நடுவில் துளை விட்டுத் தீ வைத்தால் அரை நாள் கனன்றுகொண்டே இருக்கும். அத்தையின் சமையல் பாத்திரத்தைத் தொடப் பயந்து, கிணற்றோரம் கவிழ்த்து வைத்திருந்த பெரிய அலுமினியக் குண்டானை எடுத்தேன். ஆப்பிளைத் தோல் சீவிப் போட்டு, அரைக் கிலோ சர்க்கரையும் நாலு துண்டு பட்டையும் சேர்த்து அடுப்பிலேற்றினேன். தோலை வாழை மரத்தடியில் புதைத்தேன். (கொலைகாரன்கூட இவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டான்.) சாயங்காலம் மத்தால் கடைந்தபோது பழுப்பாக, கெட்டியாக, அருமையாக வந்திருந்தது. ஆறட்டும் என்று தட்டுப் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. என் அப்பா தபால் இலாகாக்காரர். நெசவு வீட்டு வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குண்டான் பாவுக் கஞ்சிக்கென்றே ஒதுக்கி வைத்தது. பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, விடியற்காலையில் கேழ்வரகுக் கஞ்சி தடவி விறைப்பேற்றுவார்கள். அந்தக் குண்டானில் எது இருந்தாலும் அந்த வீட்டில் அது கஞ்சிதான்.

மறுநாள் பாவு போடும் நாள். கஞ்சி காய்ச்சுவது அத்தையின் வேலை. சீமந்தத்திலிருந்து களைத்துத் திரும்பிய அத்தை குண்டானைத் திறந்து பார்த்து, வீட்டுக்காரரே காய்ச்சிவிட்டார் என்று மனம் குளிர்ந்து படுத்துவிட்டார். விடிந்ததும் மாமா திறந்து பார்த்து, பாவம், அலுப்போடு அலுப்பாகக் காய்ச்சியிருக்கிறாள் என்று உருகிப்போனார். முப்பது வருட தாம்பத்தியத்தில் இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவு மெச்சிக்கொண்டது அந்த ஒரு தடவைதானாம்.

"கஞ்சி இன்னாடா பிரியாணி வாசனை வருது?" என்று மாமா கேட்டாராம்.

"பக்கத்து வூட்ல ஆக்கறாங்க நைனா" என்றானாம் தணிகாசலம். பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தடவிவிட்டார்கள்.

நான் எழுந்து கிண்ணமும் கரண்டியுமாகக் கொல்லைக்குப் போனபோது குண்டான் கழுவிக் கவிழ்த்திருந்தது. தெருவுக்கு ஓடினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு. அதன் மேல் ஈ. கட்டியிருந்த குச்சிகளில் எறும்பு வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆடு நூலைச் சப்பிக்கொண்டு நின்றது. நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுவென்றிருந்தன.

"நீதான் எத்தையோ கலந்துட்ட!" என்று மாமா கத்தினார்.

"நான் எங்கய்யா காய்ச்சனேன்? நீதான காய்ச்சன?" என்று அத்தை எகிறினார்.

நான் அந்த ஆட்டை விரட்டுவதில் மிகவும் மும்முரமாக இருந்தேன். (வீரன்!) சரோஜா என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னா பண்ணீங்க?"

சொல்லிவிட்டேன். தெருவே கூடி நின்று கேட்டது. ஆங், இனி தையும் இல்லை, மாசியும் இல்லை, சரோஜா இங்கேயேதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பாவில் ஒரு விரலை ஓட்டி வாயில் வைத்துச் சப்பினார்.

"நல்லாத்தான்டா கீது" என்றார் தணிகாசலத்திடம்.

அன்று பகல் முழுக்கப் பாவை அலச நான் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. "பாவா, இன்னும் ரெண்டு குடம்!" என்று தணிகாசலம் அத்தான் என்றும் பாராமல் விரட்டினான். பாதிக்கு மேல் நூல் பிழைத்தது. சாயங்காலம் மாமா திடீரென்று கூப்பிட்டார்.

"சரோஜா, துணிமணி எடுத்து வை. நாளைக்குக் காலைல மாப்ள கூடக் கெளம்பு."

"நைனா, தைலன்னு சொன்னியே?"

"தை வரிக்கும் தாங்காதும்மா. இவரைத் தனியா வுட்டு வெச்சா அந்த ஊர் இன்னாவறது?"

அந்தப் பாவில் நெய்த லுங்கி இரண்டு எனக்கே வந்து சேர்ந்தது. பொறுப்பு வந்த பிறகுதான் மாமனார் பெண்ணை அனுப்பினார் என்று நான் இன்றைக்கும் யாரிடமாவது அளந்துகொண்டிருந்தால், உள்ளே இருந்து சரோஜாவின் குரல் வரும்.

"நீங்க ஒண்ணும் என்னைக் கூட்டிகினு வரல. உங்களைக் காவல் காக்கத்தான் நைனா என்னை அனுப்பினாரு. இன்னும் காத்துகினுதான் இருக்கறேன்."