கிளென் வேவர்லிக்கு வந்த ஹம்மிங்பேர்ட்

தோட்டத்தில் பறவைக்கான புட்டியை மாட்டி ஒன்பது நாள் ஆகியும் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. வந்ததெல்லாம் எறும்புதான்.

"என்னங்க, உங்க ஹம்மிங்பேர்ட் எப்ப வரும்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் மீனாம்பாள்.

"புது இடம் இல்லையா, பழகணும்" என்றார் கல்யாணசுந்தரம்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். போன மாதம், கலிஃபோர்னியாவில் இருக்கும் மச்சினன் முரளிதரன், தன் தோட்டத்தில் ஹம்மிங்பேர்ட் என்ற கட்டைவிரல் அளவுப் பறவை புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டான். "இங்க கிளென் வேவர்லியில இதெல்லாம் கொசு மாதிரி" என்று பதில் எழுதிவிட்டார். எழுதிய கையோடு ஆன்லைனில் இந்தச் சிவப்புப் புட்டியையும் வரவழைத்தார்.

மகள் வர்ஷாவிடம் தனியாக விசாரித்தார். அவள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆஸ்திரேலியால ஹம்மிங்பேர்டே கிடையாதுப்பா. ஸீரோ. கூகுள் பண்ணலையா?"

பண்ணவில்லை. ஒரு வங்கியில் வரப்போகும் அபாயங்களை முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவருடைய வேலை.

மறுநாள் மீனாம்பாள் எழுவதற்குள் பாதித் தண்ணீரை ரோஜாச் செடியில் கொட்டினார். கொஞ்சம் விரலில் வழிந்தது. நக்கினார். அங்கேதான் சனி பிடித்தது.

அவர் சர்க்கரை நோய்க்காரர். வீட்டுச் சர்க்கரை டப்பா ஒரு வருஷமாக மீனாம்பாளின் காவலில் இருந்தது. ஆபீஸுக்குக் கீழே இருந்த கடையில் பதினோரு மணிக்குத் திருட்டுத்தனமாக ஒரு டோனட், அவ்வளவுதான் வாழ்க்கையில் இனிப்பு. மீதித் தண்ணீரைச் செடிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"வந்துடுச்சு போலிருக்கே, புட்டியே காலி" என்றாள் மீனாம்பாள் காலையில்.

"நான்தான் சொன்னேனே" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் தன் கையால் தண்ணீர் கலந்து புட்டியை நிரப்பினாள். இவர் எறும்பு வராமலிருக்கக் கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவினார். அதன் பிறகு ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

செய்தி குரூப்புக்குப் போனது. "வீடியோ எங்க மாமா?" என்றான் முரளிதரன்.

"இந்த ஊர் ஜாதிக்குக் கூச்சம் ஜாஸ்தி. ஆள் நடமாட்டம் இருந்தா வராது" என்று எழுதினார்.

"அப்படீன்னா காலையில நான் இந்தப் பக்கம் வரலை. கர்ட்டனையும் இழுத்து விட்டுடறேன், அதுங்க நிம்மதியாக் குடிக்கட்டும்" என்றாள் மீனாம்பாள்.

அடுத்த வாரம் இன்னொரு புட்டியும் தொங்கியது. "ஒண்ணு பத்தலைங்க, குடும்பமா வருது போல."

அந்தக் குடும்பம் தினமும் ஐந்தரை மணிக்கு லுங்கியோடு வந்து, வேலிப் பக்கம் திரும்பி நின்று இரண்டையும் குடித்தது. விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். குடித்து முடித்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. பரிகாரமாக டோனட்டை மட்டும் நிறுத்திவிட்டார்.

இரண்டரை மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கான தேதி வந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி போன தடவை ஏழு புள்ளி ஒன்பது. எட்டைத் தாண்டினால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் யாமினி தீர்மானமாகச் சொல்லியிருந்தார். ஊசியையாவது கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொள்ளலாம். ஏன் ஏறியது என்று மீனாம்பாள் கேட்பாளே, அதற்கு எந்தக் கண்ணை மூடுவது?

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்த டாக்டர் யாமினி யாழ்ப்பாணத்துப் பெண். மீனாம்பாளுக்கும் அவர்தான் டாக்டர். அவர் வாயைத் திறப்பதற்குள் கல்யாணசுந்தரம் முந்திக்கொண்டார்.

"டாக்டர், ஒரு விஷயம் சொல்லிடறேன். பறவைக்கு வச்ச சர்க்கரைத் தண்ணியை நான்தான் குடிச்சேன்."

"எந்தப் பறவைக்கு?"

"இல்லாத பறவைக்கு."

எல்லாவற்றையும் சொன்னார். மச்சினன், கொசு, ரோஜாச் செடி, கர்ட்டன், இரண்டாவது புட்டி, லுங்கி வரைக்கும். சொல்லச் சொல்ல, ஐம்பத்தாறு வயதில் தன்னைப்போல் ஒரு முட்டாள் மெல்பர்னிலேயே இருக்க முடியாது என்று அவருக்கே நிச்சயமாகிவிட்டது.

"மீனாம்பாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர். அவ அந்தப் பறவை வருதுன்னு நம்பிட்டிருக்கா. ஊசி வேணும்னா ரெண்டாப் போடுங்க."

"ஊசி தேவையில்லை அங்கிள். ஏழு புள்ளி ஒண்டுக்கு இறங்கியிருக்கு."

"அது எப்படி டாக்டர்? தினம் ரெண்டு புட்டி குடிச்சிருக்கேனே."

டாக்டர் யாமினி ரிப்போர்ட்டை மடித்து உறையில் வைத்து நீட்டினார்.

"முதல் நாள் நீங்கள் குடிச்சது மட்டுந்தான் சீனி, மிச்சமெல்லாம் நான் எழுதிக் குடுத்த சுகர் ஃப்ரீ; 'ரெண்டு போத்தலையும் ஒழுங்காக் குடிக்கிறார், மூணாவதும் கட்டட்டுமா'ன்னு மீனாம்பாள் அன்ரி நேற்றுத்தான் போன் பண்ணிக் கேட்டவ."