ஆறு மணிக்கு நிற்கும் மெஷின்

வியாழக்கிழமை வெண்டல் ஃப்ரீஸன் ஒரு சபதம் எடுத்தான். வருகிற சனிக்கிழமை மாமியார் வீட்டு விருந்தில் முழுசாக உட்காரப் போவதில்லை. தலையே போனாலும் சரி. வின்னிபெக் ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது. பனிமேல் நண்பன் ஆர்லோவின் மீன்பிடிக் குடிசை கணப்போடு காத்திருக்கிறது. மனுஷன் பிறந்தது சாஸேஜுக்கும் சீட்டாட்டத்துக்குமா?

வெண்டலின் உத்தியோகமே விசித்திரம். கண்ணால் பார்த்தே இராத கிளவுட் மெஷின்களுக்குக் காவல். எங்கோ தூர தேசத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்கள். இருந்த இடத்திலிருந்தே எழுப்புவான், நிறுத்துவான், தூங்க வைப்பான். ஏதாவது ஒன்று தானாக நின்றுவிட்டால் அவன் போன் அலறும். போன மாதம் அது நிஜமாகவே விருந்து நடுவில் அலறியது. ஆபீசுக்கு என்று ஓடினான். வேலை காரிலேயே முடிந்தது. மிச்ச மாலை குடிசையில் கழிந்தது. கண்ட ருசி விடுமா?

ஆகவே யாருக்கும் வேண்டாத ஒரு சோதனை மெஷினைப் பிடித்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு நிற்கும்படி நேரம் குறித்தான். யாராவது எழுப்பிவிட்டால் காரியம் கெடுமே! எழுப்பினால் சற்று நேரத்தில் மறுபடி நிற்கும்படியும் சேர்த்து வைத்தான். அப்பேர்ப்பட்ட முன்யோசனைக்காரன்.

சனிக்கிழமை மாமியார் ஆக்னெஸ் வாசலிலேயே அவன் கோட்டை வாங்கிக்கொண்டாள்.

"வா வெண்டல். போன தடவ பாதியில எந்திரிச்சு ஓடிட்ட. அப்புறம் எனக்கு ஒரு வாய்கூட இறங்கல. இன்னிக்கு உனக்காகத்தான் ருபார்ப் கேக்."

வெண்டலுக்குச் சுருக்கென்றது. 'போனால் போகிறது, மீன் கொண்டுவந்து கொடுப்போம்' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஆறு மணி. போன் அலறியது. வெண்டல் துள்ளி எழுந்தான்.

"ஐயோ! மெஷின் நின்னுபோச்சு! நான் உடனே போகணும்!"

"எங்க?" என்றாள் மனைவி மார்லீன், சாஸேஜை நறுக்கியபடி.

"ஆபீசுக்கு."

"மெஷின் ஆபீஸ்லயா இருக்கு?"

"இல்ல... கிளவுட்ல."

"அப்ப ஆபீஸ்ல போய் என்ன பண்ணுவ? போன வாரம் குளியல் தொட்டியில படுத்துக்கிட்டே ஒண்ண எழுப்பினியே."

"அதுக்கு லேப்டாப் வேணும் மார்லீன். நான் எடுத்துட்டு வரல."

"நான் எடுத்துட்டு வந்திருக்கேன். அம்மா, அந்த கிரேவிய நகர்த்து."

கிரேவி நகர்ந்தது. லேப்டாப் உட்கார்ந்தது. வெண்டல் பொத்தானை அமுக்கினான். மெஷின் சமர்த்தாக எழுந்தது. ஆக்னெஸ் கை தட்டினாள்.

இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் மறுபடி அலறல். எழுப்பினான். கேக் வந்தது. அலறல். எழுப்பினான். தன் முன்யோசனையைத் தானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"பாவம், அது ரொம்ப முக்கியமான மெஷினா?" ஆக்னெஸின் குரல் தழைந்தது. "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரியா வெண்டல்?"

"அப்படி... ஒண்ணும்..."

"நின்னுபோச்சுன்னா விட்டுடலாமே?" என்றாள் மார்லீன்.

"நிறுத்தினா மட்டும் போதாது. அது கிளவுட்ல பிடிச்சு வச்ச இடத்தையும் விடணும். இல்லன்னா வாடகை ஓடும்."

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. வேலை செய்யாது, சோபாவையும் விடாது."

ஆக்னெஸ் சிரிக்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டாள். "எல்லாரும் கண்ண மூடுங்க. ஆண்டவரே, வெண்டலோட மெஷினுக்குத் தெம்பு குடும். இந்தப் பிள்ளை ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிடட்டும்."

வெண்டலின் காது நுனி வரை சிவந்தது. இந்த மனுஷியைப் போய் ஏமாற்றினோமே என்று கூசிக் குறுகிப் போனான். மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில், திருட்டுத்தனமாக, குறித்து வைத்த கட்டளையை அழித்தான்.

"ஆமென்" என்று கண் திறந்தாள் ஆக்னெஸ்.

"இனி அது நிக்காது அத்தை," என்றான்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?" என்றாள் மார்லீன்.

வெண்டல் வாயைத் திறந்தான். திறந்த வாயைக் கேக்கால் அடைத்துக்கொண்டான்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஆர்லோ, பூட்ஸெல்லாம் பனி.

"நீ எப்படிடா இங்க?"

"மார்லீன்தான் சாப்பிடக் கூப்பிட்டா. நேத்து போன்ல, 'சனிக்கிழமை இவன் எத்தன மணிக்கு அங்க வருவான்'னு கேட்டா. நானும் வெகுளியா, 'ஆறு மணிக்கு மெஷின் நிக்குமே, நின்னதும் வந்துடுவான்'னு சொல்லிட்டேன்."

வெண்டல் மாமியாரைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான். தரையில் மாமியாரின் கால்கள் தெரிந்தன. கால்களில் அதற்குள் பனி பூட்ஸ். நிமிர்ந்தால், கையில் தூண்டில்.

"அத்தை... உங்களுக்கும் தெரியுமா?"

"சாயந்தரம் மார்லீன் சொன்னா." ஆக்னெஸ் அவன் தோளைத் தட்டினாள். "ஆனா உனக்காக ஜெபம் பண்ணினது நிஜந்தான்."

மார்லீன் ஆர்லோவிடம் கை நீட்டினாள். குடிசைச் சாவி கை மாறியது.

"அம்மாவும் நானும் மீன் பிடிக்கக் கிளம்பறோம். நீங்க ரெண்டு பேரும் பாத்திரத்தக் கழுவிடுங்க."

கதவைச் சாத்துமுன் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"நடுவுல ஏதாவது மெஷின் நின்னா போன் பண்ணு வெண்டல். பாதி மீன்ல எந்திரிச்சு ஓடி வந்துடறோம்."